நான் மொழிபெயர்த்த ஆட்டக்காரர்

போன மாதம் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நம்மில் ஒருத்தியின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கூடியிருந்தோமே, அன்றைக்குச் சாப்பாடு முடிந்து பாயாசக் கிண்ணங்களோடு இருந்தபோது பேச்சு நம்முடைய பழைய உத்தியோகத்துக்குப் போனது. குடும்பத்தோடு இங்கே வந்த புதிதில், எட்டு வயதிலும் பத்து வயதிலும் சம்பளமில்லாமல் நாம் எல்லோரும் பார்த்த உத்தியோகம். அம்மாவுக்காக டொக்டரிடம் இங்கிலீஷில் பேசினோம். அப்பாவுக்காகக் கவுன்சில் கந்தோரில் பேசினோம். பள்ளிக்கூடத்து ஆசிரியை நம்மைப் பற்றிச் சொன்ன குறையை நாமே அழகாக மாற்றிப் பெற்றோருக்குச் சொன்னோம். ஒவ்வொருவரும் தம் கதையைச் சொல்லச் சொல்லக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். “நீர் என்ன பேசாமல் இருக்கிறீர்? உமக்கு ஒரு கதையும் இல்லையோ?” என்று என்னைக் கேட்டீர்கள். இல்லை என்று சொன்னேன்.

இருக்கிறது. சிரிக்கிற கதை இல்லை, அவ்வளவுதான். ஆனால் இதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. அவர்கள் யாருக்கும் வாயாக இருந்து வளரவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. விம்பிள்டனில் ரயில் பாதைக்குப் பின்புறத் தெருவில் ஒரு பழைய வீட்டின் மேல்தளத்தில் இருந்தோம். இரண்டு அறை, அப்பா, அம்மா, நான். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த அப்பா இங்கே ரயில் பெட்டிகளைக் கழுவினார். ஷிப்ட் மாறி மாறி வரும். சனிக்கிழமை பின்னேரம் மட்டும் எப்போதும் ஓய்வு. அந்தப் பின்னேரம் என்னுடையது.

வேலை இடத்தில் அப்பாவுக்கு ஒரு பாஸ் கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டி டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி, ரயில் எதுவரை போகிறதோ அதுவரை போவோம். இறங்கி அவருக்கு ஒரு தேத்தண்ணி, எனக்கு மேலே வெள்ளைச் சீனிப் பாகு ஊற்றிய ஒரு பணிஸ். அடுத்த ரயிலில் திரும்பி வருவோம். ஜன்னலோரம் எனக்கு. பட்னியில் ரயில் ஆற்றைக் கடக்கும்போது, “இப்ப வத்தோ பெருக்கோ, சொல்லு பாப்பம்” என்பார். கரையில் சேறு தெரிந்தால் வத்து, கல்லுக்கட்டு வரை தண்ணீர் நின்றால் பெருக்கு. இந்த ஆற்றிலும் கடல் ஏறி இறங்குகிறது என்பதைக் கண்டுபிடித்தது தான்தான் என்பதுபோல அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. வீட்டில் அதிகம் பேசாத மனிதர் ரயிலில் மட்டும் பேசுவார். அந்தப் பேச்சு முழுவதும் எனக்கு.

கீழ்த்தளத்து முன்னறையில் ஒரு வயோதிபர் தனியாக இருந்தார். ஸ்கொட்லாந்துக்காரர், எழுபது தாண்டியவர். இடது முழங்கால் மடங்காது. ஊன்றுகோல் இல்லாமல் வாசலுக்கு வரமாட்டார். முகம் எப்போதும் சிவந்திருக்கும். “குடிகாரன் போல கிடக்கு, கிட்டப் போகாதை” என்று அம்மா சொல்லியிருந்தார். அவர் குடித்து நான் ஒருநாளும் கண்டதில்லை. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வடக்கே ஒரு மருமகள் உண்டு, அவருடைய தங்கையின் மகள், கிறிஸ்மஸ் காலத்தில் பார்சல் அனுப்புவாள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

இலை கொட்டுகிற காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் நானும் அப்பாவும் ரயிலுக்குப் புறப்பட்டு வாசலில் இறங்கினோம். தெருவில் பந்தடித்துக்கொண்டிருந்த பொடியன்கள் உதைத்த பந்து நேரே எங்களை நோக்கிப் பறந்து வந்தது. நான் தலையைப் பொத்திக்கொண்டேன். அப்பா நீளக் குளிர்ச்சட்டையும் கறுப்புச் சப்பாத்தும் போட்டிருந்தார். இடது காலை மெல்லத் தூக்கினார். பந்து சப்பாத்தின் உட்பக்கத்தில் பட்டு, களைத்த பூனை மாதிரி அவர் காலடியில் படுத்துக்கொண்டது. அப்பா அதைத் திருப்பித் தட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

பின்னால் கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைத் தூக்கித் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னார்.

“என்ன சொல்லுறார்?” என்றார் அப்பா.

“நீங்கள் இடதுகாலோ எண்டு கேக்கிறார்.”

அப்பாவின் முகம் மலர்ந்த விதத்தை இன்றும் மறக்கவில்லை. “ஓம் எண்டு சொல்லு. கொலேஜிலை லெஃப்ட் விங் விளையாடினனான் எண்டு சொல்லு.”

சொன்னேன். ஜன்னல் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஊன்றுகோல் சத்தம், முன்கதவு திறந்தது. “நானும்தான்” என்றார் அவர், தன் மடங்காத காலைத் தட்டிக் காட்டி. அன்றைக்கு நாங்கள் ஆறு பார்க்கப் போகவில்லை.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைக்கவேண்டாம். பேப்பரை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். வேலை இடத்தில் மற்றவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். ஆனால் கீழ்வீட்டுக்காரரின் இங்கிலீஷ் வேறு. சொல்லெல்லாம் தொண்டையில் உருண்டு, இல்லாத பல்லுக்குள்ளால் காற்றாக வரும். எங்கள் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு பரிமாறிய பெண்ணும் ஸ்கொட்லாந்துக்காரி. தினமும் அவளிடம் ஏச்சு வாங்கி என் காது பழகியிருந்தது. அதனால் அவர்கள் இரண்டு பேருக்கும் நான் தேவைப்பட்டேன். என்னைக் கேட்டு யாரும் அதை முடிவு செய்யவில்லை.

அந்த அறையின் மணம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. மண்ணெண்ணெய் ஹீட்டர், ஈரக் கம்பளி, அதற்கு மேலே அவர் முழங்காலில் தேய்க்கும் தைலத்தின் காரம். ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர் எல்லோரும் தேய்க்கும் தைலமாம். ஆட்டம் நின்று முப்பது நாற்பது வருடமாகியும் அவர் அதை விடவில்லை. இரண்டு நாற்காலிகள். அவற்றுக்கு நடுவே எனக்கு ஒரு குட்டி முக்காலி. என் தலை இரண்டு பக்கத்து முழங்கால்களின் உயரத்தில் இருக்கும். சொற்கள் மேலேயிருந்து வரும். நான் வாங்கி மற்றப் பக்கம் கொடுப்பேன்.

முதல் நாள் எனக்கு ஒரு பழுப்பு நிறக் கட்டியைத் தந்தார். வாயில் போட்டால் மணல்போல உடைந்து கரையும், அவ்வளவு இனிப்பு. மருமகள் அனுப்பியதாம். வீட்டுக்கு வந்து, “அவர் எனக்கு டேப்லெட் தந்தவர்” என்றேன். அவர்கள் ஊரில் அந்த இனிப்புக்கு அதுதான் பெயர். அம்மா பதறிப்போய் என் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினார். “என்ன குளிசையடி தந்தவன்? இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு என்னவோ குடுத்துப்போட்டான்!” அப்பா சிரித்த சிரிப்பில் சுவர் அதிர்ந்தது. அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை. அந்தச் சிரிப்புக்கும் காரணம் கீழ்வீட்டுக்காரர் என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் கீழே. அதற்கு அடுத்ததும். ஐந்து மணிக்கு ரேடியோவில் ஆட்ட முடிவுகள் வாசிப்பார்கள். வாசிப்பவரின் குரல் இரண்டாவது அணியின் பெயருக்கு ஏறுமா இறங்குமா என்பதை வைத்தே யார் தோற்றது என்று இருவரும் ஒரே நேரத்தில் கை தூக்குவார்கள். அதற்கு நான் தேவைப்படவில்லை. அந்த நிமிடங்களில் முக்காலியில் சும்மா இருந்து ஹீட்டரின் நீலச் சுடரைப் பார்ப்பேன்.

நாலாம் வாரம் அப்பா ஒரு சிவப்பு மட்டைக் கொப்பி வாங்கி வந்தார். “இந்த மனுசன்ரை சரித்திரத்தை எழுதி ஊர்ப் பேப்பருக்கு அனுப்பப் போறன். எங்கடை பொடியள் வாசிக்கவேணும்” என்றார். என் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு மட்டை போடக்கூட நேரமில்லாதவர், அதற்கு வடிவாக மட்டை போட்டுக் கோடும் கீறினார்.

அவர் கதை இதுதான். கிளாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு நிலக்கரிக் கிராமம். பதினாலு வயதில் சுரங்கத்தில் இறங்கினார். அன்றே பக்கத்து வீட்டுப் பையனும் இறங்கினான். இருவரும் ஒரே வயது, இருவரும் இடதுகால், இருவருக்கும் பந்து என்றால் உயிர். கரியைக் கழுவுவதற்கு முன்னாலேயே பந்துக்குப் போய்விடுவார்களாம். முதல் உலக யுத்தம் முடிந்து சில வருடங்களில், மழைக்கோட்டுப் போட்ட ஒரு ஆள் லண்டனிலிருந்து வந்து கிராமத்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இவரைக் கேட்டான். பத்தொன்பது வயதில் ஒரு தகரப்பெட்டியுடன் ரயிலேறினார். சில மாதங்கள் கழித்து நண்பனை இங்கிலாந்தின் வடக்கே ஒரு கிளப் எடுத்தது.

லண்டனில் ஒன்பது பருவங்கள் இடது ஓரத்தில் ஓடினார். அப்போதைய பந்து தோலால் ஆனது. மேலே வார் போட்டுக் கட்டியிருக்கும். மழையில் ஊறினால் கல்லுப் போலாகிவிடும். தலையால் அடிக்கும்போது வார் பட்டு நெற்றி வெட்டும். அவர் நெற்றியில் அந்தத் தழும்பு இருந்தது. ஒருநாள் அப்பா எழுந்துபோய் அதைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கோயில் தூணைத் தொடுவதுபோல. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது அம்மாதான்.

அன்றைக்குத்தான் முதல் பொய்யைச் சொன்னேன்.

பனி கொட்டிய ஒரு கோப்பை ஆட்டத்தில், கோடுகளை விளக்குமாற்றால் கூட்டிவிட்டு விளையாடியதையும், தான் இரண்டு கோல் போட்டதையும், சனம் தன்னைத் தோளில் தூக்கியதையும் கீழ்வீட்டுக்காரர் சொன்னார்.

“ஒரு கோல் போட்டவராம்” என்றேன்.

அவர் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மற்றது ஓஃப்சைட் எண்டு குடுக்கேல்லையாம்.”

அப்பா கொப்பியில் எழுதினார். எனக்குப் பயம். அதோடு ஒரு சந்தோஷம். ஒரு முழு மனிதனின் வாழ்க்கை என் வாய் வழியாகத்தான் போகவேண்டும். நான் விட்டால் போகும், பிடித்தால் நிற்கும். அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினேன். சனம் கைதட்டியதை விட்டுவிட்டேன். பேப்பரில் படம் வந்ததை விட்டுவிட்டேன். தோற்ற ஆட்டங்களை மட்டும் ஒன்றும் குறையாமல் சொன்னேன்.

மார்கழியில் ஒருநாள் அவர் பிஸ்கட் தகரத்திலிருந்து ஒரு தந்தியை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, மண்ணிறமாகியிருந்தது. கிளாஸ்கோவில் இங்கிலாந்துக்கு எதிராக ஸ்கொட்லாந்துக்கு விளையாட வா என்ற அழைப்பு. அப்பா சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார்.

“விளையாடினவரோ?”

அவர் விளையாடவில்லை. அதே சனிக்கிழமை கிளப்புக்கும் ஆட்டம் இருந்தது. விடமுடியாது என்று மனேஜர் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் ஆட்டக்காரன் கிளப்பின் சொத்து; எதிர்த்து ஒன்றும் பேசமுடியாது. இவருடைய இடத்துக்கு அந்தப் பக்கத்து வீட்டு நண்பனை அழைத்தார்கள். அவனுடைய கிளப் விட்டது. நாட்டுக்காக ஆடுகிறவனுக்குக் குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பி ஒன்று கொடுப்பார்கள். தொப்பி அவனுக்குப் போனது. இவரைப் பிறகு யாரும் அழைக்கவில்லை.

“அன்றைக்கு நான் லண்டனில் மழைக்குள் ஓடிக்கொண்டிருந்தேன்” என்றார். “இடைவேளையில் யாரோ கிளாஸ்கோவில் என்ன நிலை என்று கேட்டான். அவன் மோசமாக ஆடவேண்டும் என்று நினைத்தேன். என் சொந்த நண்பன். என் நாட்டுச் சட்டை. கடவுள் மன்னிக்கட்டும், தோற்கட்டும் என்று நினைத்தேன்.”

இதை நான் ஒரு சொல்லும் குறைக்காமல் தமிழில் சொன்னேன். அவருடைய வெட்கத்தை அப்பா முழுவதும் கேட்கட்டும் என்று சொன்னேன். அதோடு, எனக்கு அது மிக நன்றாக விளங்கியது. அந்த அறையில் அந்தக் கிழவரும் நானும் ஒரே நோய்க்காரர்.

தை மாதத்தில் வந்தது நான் சொல்ல வந்த சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் எனக்கு வாசிப்புக்குப் பரிசு கிடைத்திருந்தது. ஒரு நாய்க்குட்டிப் படம் போட்ட புத்தகம். அதை அப்பாவிடம் காட்டலாம் என்று கீழே கொண்டுபோனேன். “நல்லது பிள்ளை” என்று மடியில் வைத்துவிட்டு, அதன்மேல் கொப்பியை விரித்து எழுதத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் பேனையை நிறுத்தி என்னிடம் சொன்னார்:

“இப்பிடிச் சொல்லு. எனக்கு ஒரு பொடியன் இருந்திருந்தால், உங்களை மாதிரி இடது பக்கம் ஓட விட்டிருப்பன் எண்டு.”

யோசித்துப் பாருங்கள். அதை இங்கிலீஷில் ஆக்கவேண்டியது நான். ‘எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால்.’ ஆக்கினேன். சொன்னேன்.

கீழ்வீட்டுக்காரர் என்னைக் குனிந்து பார்த்தார். “உன் அப்பாவிடம் சொல்லு, இந்தப் பிள்ளை இருக்கும்போது வேறு பிள்ளை எதற்கு என்று. எங்கள் இரண்டு பேரையும் சுமப்பவள் நீதானே” என்றார்.

“என்ன சொல்லுறார்?”

“ஒண்டுமில்லை. குளிராம்.”

அவர் எனக்காகச் சொன்ன ஒரே சொல் அது. அவர் கையால் எதுவும் எனக்கு வேண்டாம் என்று அதை அங்கேயே புதைத்தேன்.

பிறகு அவர், தான் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்லப்போவதாகச் சொன்னார். தந்தி வந்ததற்கு அடுத்த வருடம் அவருடைய கிளப்பும் நண்பனின் கிளப்பும் மோதின. சேற்று மைதானம். நண்பனின் அணிக்கு ஒரு கோர்னர் உதை. இவர் தன் பக்கத்தைக் காக்கப் பின்னால் இறங்கி நின்றார். பந்து இருவருக்கும் நடுவே விழுந்தது. இருவரும் இடதுகாலை வீசினார்கள். காய்ந்த கொப்பு முறிகிற சத்தம். நண்பனின் கணைக்கால் எலும்பு. அவன் அதன்பின் ஒருநாளும் ஆடவில்லை.

“அது அக்சிடென்ட்” என்றார். “அக்சிடென்ட். பந்தைத்தான் பார்த்தேன். அவனைப் பார்க்கவேயில்லை. ஆனால் தொப்பி போன பொறாமையில் நான் வேண்டுமென்றே செய்தேன் என்று ஊர் சொன்னது. வடக்கே போன மைதானமெல்லாம் என்னைக் கண்டு கூச்சலிட்டார்கள். கிளப் என்னை விற்றுவிட்டது. சின்ன அணி, அதைவிடச் சின்ன அணி, கடைசியில் முழங்காலும் போனது. அம்மா செத்தபோது ஊருக்குப் போனேன். பெட்டியைக் கயிறு பிடித்துக் குழிக்குள் இறக்குவது எங்கள் வழக்கம். அம்மாவுக்காக ஆட்கள் வந்து கயிறு பிடித்தார்கள். எனக்கு ஒருவரும் கை கொடுக்கவில்லை. அக்சிடென்ட் என்று யாரிடம் சொல்வது?” கண்ணீர் அவர் முகச் சுருக்கங்களில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

அப்பா பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது, இன்னும் நான் ஒன்றுமே சொல்வதற்கு முன்னால். “என்ன பிள்ளை? என்ன நடந்ததாம்?”

நான் சொன்னேன்: “சிநேகிதன்ரை காலை உடைச்சவராம். பொறாமையிலை. வேணுமெண்டுதான் அடிச்சவராம்.”

அப்பா என்னையே பார்த்தார். நெடுநேரம். பிறகு பேனையை மூடினார். கொப்பியை மூடினார். என் பரிசுப் புத்தகத்தை என்னிடம் தந்தார். எழுந்து, கீழ்வீட்டுக்காரரின் தோளில் ஒருதரம் கையை வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சிவப்புக் கொப்பியை நான் பிறகு காணவில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பா குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, “வா, ரயிலுக்குப் போவம்” என்றார். கீழே இறங்கும்போது முன்னறைக் கதவு சாத்தியிருக்கவில்லை. இரண்டு நாற்காலிகளும் முக்காலியும் போட்டபடி இருந்தன. நாங்கள் நிற்காமல் போனோம். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பட்னியில் ஆறு வந்தது. வத்தோ பெருக்கோ என்று அப்பா கேட்கவில்லை. நானாகச் சொன்னேன், “பெருக்கு, அப்பா.” “ஓம்” என்றார். பணிஸ் வாங்கித் தந்தார். ஜன்னலோரம் தந்தார். பேச்சை மட்டும் தரவில்லை.

“நல்லதாப் போச்சு. குடிகாரச் சிநேகிதம் எங்கை கொண்டுபோய் விடுமோ எண்டு பயந்தனான்” என்றார் அம்மா. அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார்.

மாசியில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கீழ்வீட்டுக்காரர் படியடியில் ஊன்றுகோலோடு நின்றார். எனக்காகக் காத்திருந்தார் என்று தெரிந்தது.

“அப்பாவுக்குச் சுகமில்லையா?”

“வேலை அதிகம்” என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்கவேண்டும் என்று கேட்டார்: “அன்றைக்கு நான் சொன்னதை அப்பாவிடம் சரியாகச் சொன்னாயா? நான் சொன்னபடியே?”

நான் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். “ஓம். அப்படியே சொன்னேன்.”

“அப்படியா” என்றார். “சரி. சரி, பிள்ளை.” சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

பங்குனியில் மருமகள் வந்து அவரை அழைத்துக்கொண்டு போனாள். குளிர் தாங்கவில்லை, தனியே இருக்க ஏலாது என்று காரணம் சொன்னாள். போக மறுத்துப் பிடிவாதமாக இருந்தவர் திடீரென்று சம்மதித்துவிட்டாராம். கார் புறப்பட்டபோது அப்பா வேலையில் இருந்தார். கவுன்சில் வண்டி வந்து நாற்காலிகளையும் தைலப் போத்தல்களையும் அள்ளிக்கொண்டு போனது. கணுக்கால் வரை உயர்ந்த ஒரு சோடி பழைய தோல் சப்பாத்து. இடது சப்பாத்தின் உட்பக்கம் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. அதையும் எறிந்தார்கள். மேல் ஜன்னலில் நின்று பார்த்தேன். அடுத்த கிறிஸ்மஸுக்கு மருமகளிடமிருந்து ஒரு கார்ட் வந்தது: மாமா காலமாகிவிட்டார். அப்பா அதை வாசித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

இவ்வளவு காலமும் இதை வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா போய்விட்டார். அப்பா கடைசியில் சட்டனில் என் வீட்டில்தான் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன், ஒரு காலை, கண் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். எதிரே ஒரு தமிழ் அம்மாவுக்குத் துணையாக, கழுத்தில் அட்டை மாட்டிய மொழிபெயர்ப்பாளர் ஒருத்தி இருந்தாள்.

“இப்ப இதுக்குப் படிச்சு வாற ஆக்கள் இருக்கினம்” என்றார் அப்பா. “அந்தக் காலத்திலை எனக்கு நீதான்.”

ஏன் அப்போது வாய் திறந்ததென்று தெரியவில்லை. அவருக்கு என் முகம் மங்கலாகத்தான் தெரியும் என்ற தைரியமாக இருக்கலாம். “அப்பா, அந்தக் கீழ்வீட்டுக்காரர் சிநேகிதன்ரை காலை வேணுமெண்டு உடைச்சதாச் சொல்லேல்லை. நான் பொய் சொன்னனான்.”

“தெரியும்” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

“அக்சிடென்ட் எண்ட சொல்லு எந்த வாயிலை வந்தாலும் விளங்கும்தானே, பிள்ளை. அந்த மனுசன் மூண்டு தரம் சொன்னவர்.”

“அப்ப ஏன் போகாமல் விட்டனீங்கள்?”

அப்பா கையைத் தடவி என் கையைத் தேடிப் பிடித்தார். “நீ அதைச் சொல்லேக்கை உன்ரை முகத்தைப் பாத்தன். பத்து வயசுப் பிள்ளைக்கு அப்பிடி ஒரு முகம் வரக் கூடாது. பிழை என்னிலை எண்டு விளங்கினது. உன்னைக் கூட்டிக்கொண்டு போனால் நீ திருப்பியும் பொய் சொல்லவேணும். உன்னை விட்டிட்டுப் போனால் நீ இன்னும் உடைஞ்சு போவாய். அதுதான் சனிக்கிழமையை உனக்குத் திருப்பித் தந்தன். அவர் பெரிய ஆள், தாங்குவார் எண்டு நினைச்சன்.”

அதோடு விட்டிருக்கலாம். மன்னிப்புக் கிடைத்துவிட்டது, வாயை மூடியிருக்கலாம். ஆனால் மிச்சத்தையும் சொன்னேன். மாசி மாதம், படியடி, அவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில்.

அப்பா என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: “அப்ப நானும் அவரின்ரை ஊர்ச்சனம் மாதிரி நம்பியிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டோ அந்த மனுசன் போனவர்?”

நான் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

“பன்னிரண்டு படி” என்றார். “பன்னிரண்டு படிதான். ஒருதரம் இறங்கிப் போய்க் கையைப் பிடிச்சிருந்தால் போதும். அதுக்கு இங்கிலீஷ் தேவையில்லை.”

அழத் தொடங்கினார். சத்தம் வந்தது. எதிரே இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். தாதி ஓடிவந்து, சொட்டு மருந்து எரிகிறதா என்று கேட்டு டிஷ்யூ தந்தாள். ஓம், எரிகிறது என்று நான் அவளுக்குச் சொன்னேன். அப்பாவின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. என் கலியாணத்தன்று அழாத மனிதர். அம்மாவின் பெட்டியருகே மரம்போல நின்றவர்.

அவரை அணைத்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், ஐம்பத்தாறு வயதில், அவர் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்த நினைப்பு ஒன்றுதான்: எனக்காக அப்பா ஒருநாளும் இப்படி அழுததில்லை.